கதவுக்குத் தான் கதவுன்னு தெரியுமா?

திருத்தங்கலைச் சுத்தி இருக்குற பட்டாசு ஆலைகளைப் பார்த்திருக்கீங்களா? ஒரே பெரிய கட்டடமா இருக்காது. பொட்டல் காட்டுல சின்னச் சின்ன அறைகள் தனித்தனியா தள்ளித் தள்ளி நிக்கும். 'ஏன் இவ்ளோ இடத்தை வேஸ்ட் பண்றாங்க?'ன்னு கேட்காதீங்க பாஸ். ஓர் அறை வெடிச்சா அடுத்த அறை தப்பிக்கணும்ல, அதுக்குத்தான் அந்த இடைவெளி. கதவு வெளிப்பக்கமா திறக்கணும், உள்ளே இத்தனை பேர்தான் இருக்கணும்னு சொல்றதும் அதனாலதான். இங்கே டிசைன்னா அழகு இல்லை, உயிர்!

இந்த பிளானை ஆட்டோகேட்ல வரைஞ்சா சுவர் வெறும் ரெண்டு கோடு. கதவு ஒரு வளைவு. பிளான்ல கதவை நகர்த்தினா எலிவேஷன்லயும் செக்‌ஷன்லயும் நாமளேதான் மாத்தணும். ஒண்ணை மறந்தா, ஒரே கட்டடத்துக்கு ரெண்டு விதமான வரைபடம்!

'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்', சுருக்கமா 'பிம்', இங்கேதான் வித்தியாசப்படுது. ரெவிட், ஆர்க்கிகேட் மாதிரி சாஃப்ட்வேர்ல கதவுக்குத் தான் கதவுன்னு தெரியும். எந்தச் சுவர்ல இருக்கு, எந்தப் பக்கம் திறக்கும், அகலம் என்ன... எல்லாம் அதுக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். ஓரிடத்துல மாத்தினா எல்லாப் படத்துலயும் மாறிடும்.

இப்போ ஒவ்வோர் அறைக்கும் 'என்ன மருந்து, எவ்வளவு எடை, எத்தனை பேர்'னு சேர்த்துடுங்க. வைக்கிற மருந்தின் அளவைப் பொறுத்துதான் அறைகளுக்கு நடுவுல விட வேண்டிய தூரம். 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகளை வெச்சு சரிபார்க்கிற மாதிரி செட் பண்ணிட்டா, குறையுற இடத்தை செங்கல் வைக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம்.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்காதீங்க. வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கிற 'பெசோ'வின் தலைமையகம் இருக்குற நாக்பூர்லயே, மெட்ரோ ரயிலை முப்பரிமாணத்தோட காலம், செலவு ரெண்டையும் இணைச்சு 'ஃபைவ் டி பிம்'ல திட்டமிட்டாங்க. 2019-ல ரயிலும் ஓடிடுச்சு.

ஆனா, சாஃப்ட்வேர் சாமி இல்லை. 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டி ஆலை வெடிச்சு 30 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அனுமதிச்சதைவிட அதிக ஆள், அதிக மருந்து, அறையை விட்டுட்டு மரத்தடியில வேலை... இந்தப் பகுதி விபத்துகள்ல திரும்பத் திரும்பக் கேட்குற வார்த்தைகள் இவை. மாடல்ல நாலு பேர்னு போட்டுட்டு உள்ளே பத்து பேரை உட்கார வெச்சா, பாவம், ரெவிட் என்ன பண்ணும்?

ஆனாலும் ஒரு லாபம் உண்டு. அனுமதி வாங்கின மாடலையும் இன்னிக்கு நிக்குற ஆலையையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, புதுசா முளைச்ச ஷெட் எதுன்னு தெரிஞ்சிடும். கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

சிவில், ஆர்க்கிடெக்சர் மக்களே, ரெவிட் மாணவர்களுக்கு இலவசம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு எல்லாரும் ஷாப்பிங் மால் போடுறாங்க. நீங்க ஒரு பட்டாசு ஆலையைப் போட்டுப் பாருங்களேன். தீபாவளிக்கு வெடி வாங்குற நமக்கு அந்தக் கடமை இருக்குதானே?