கிரான்டேப்: ஒரே வரியில் ஒரு கால அட்டவணை

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் உரைக்கோப்பு கிரான்டேப். நள்ளிரவில் தரவுகளை நகலெடுப்பது, பழைய கோப்புகளை அழிப்பது போன்ற வேலைகளை அதில் ஒருமுறை குறித்தால் போதும். கிரான் என்னும் நிரல் நிமிடந்தோறும் அட்டவணையைப் பார்த்து, நேரம் வந்த வேலையைத் தொடங்கிவைக்கும். 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. பால் விக்ஸி 1987-இல் வெளியிட்ட வடிவம் பின்னர் லினக்ஸ் உலகில் பரவியது.

ஒரு வேலைக்கு ஒரு வரி. வரியின் முதல் ஐந்து புலங்கள் நேரம், மீதி கட்டளை. புலங்களைப் பிரிப்பது இடைவெளி. அவற்றின் வரிசை: நிமிடம் (0–59), மணி (0–23), தேதி (1–31), மாதம் (1–12), கிழமை (0–6). கிழமையில் 0 என்பது ஞாயிறு. விக்ஸியின் கிரானில் 7 என்றாலும் ஞாயிறுதான். # குறியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு. கிரான் அதைக் கண்டுகொள்ளாது.

நட்சத்திரக்குறிக்கு 'எல்லாம்' என்று பொருள். காற்புள்ளி பல மதிப்புகளை அடுக்கும். சிறுகோடு தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும். சாய்கோடு இத்தனைக்கு ஒருமுறை என்று காட்டும். நிமிடப் புலத்தில் */15 என்றால் 0, 15, 30, 45 ஆகிய நிமிடங்கள்.

30 4 * * 1-5 கட்டளை

திங்கள் முதல் வெள்ளி வரை அதிகாலை 4.30-க்கு அந்தக் கட்டளை ஓடும். இதில் 30-க்குப் பதில் நட்சத்திரக்குறி இட்டால், 4.00 முதல் 4.59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக 60 முறை ஓடும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு.

0 9 13 * 5 கட்டளை

13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் ஓடும் என்று தோன்றும். ஆனால் தேதி, கிழமை இரண்டிலும் எண் இருந்தால், ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும். ஆகவே ஒவ்வொரு 13-ஆம் தேதியும், ஒவ்வொரு வெள்ளியும் காலை 9 மணிக்கு இது ஓடும்.

கட்டளைக்குள் வரும் % குறியைக் கிரான் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும்.

இலக்கணம் சரியாக இருந்தால், நேரம் தவறாக இருப்பதைக் கிரான் சுட்டிக்காட்டாது. எனவே கோப்பைச் சேமிக்கும் முன் ஐந்து புலங்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.