இரண்டாவது ஆட்டத்தில் தாத்தாவும் என் பக்கம்

திரையில் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியபோது அதிகாலை மணி 2.40. மூன்று இரவுகளில் மொத்தம் ஒன்பது மணி நேரம் செலவிட்டு ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி’ விளையாட்டை முடித்துவிட்டேன். உடனே படமெடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

“எந்த லெவல்?” என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்லாமல் தூங்கப் போய்விட்டேன்.

அந்த விளையாட்டில் ஐந்து நிலைகள் உண்டு. நான் ஆடியது ‘லைட்’, அதாவது எளிமையில் இரண்டாவது. கதைக் காட்சிகளில் பாதியைப் பார்க்காமல் தாண்டினேன். புதிர்களில் சிக்கியபோதெல்லாம் யூடியூப்பில் விடை தேடினேன். முடித்தேன் என்று சொல்லலாம். ஆனால், எதை முடித்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

அதனால், அதே விளையாட்டை ஆகக் கடினமான ‘கிரஷிங்’ நிலையில் மறுபடியும் ஆடப் போகிறேன். இதற்குக் காரணம் நண்பனின் கேள்வி மட்டுமல்ல. என் தாத்தாவும்தான்.

திரையில் தென்னிந்தியா

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செப்டம்பர் விடுமுறையில், சிம் லிம் ஸ்குவேருக்கு அருகே, ஒருவர் விளையாடி முடித்த வட்டை 25 வெள்ளிக்கு வாங்கினேன்.

நாட்டி டாக் நிறுவனம் 2017ல் பிளேஸ்டேஷன் 4க்காக உருவாக்கிய சாகச விளையாட்டு இது. 2022 ஜனவரியில் ‘லெகசி ஆஃப் தீவ்ஸ்’ தொகுப்பின் ஒரு பகுதியாக பிளேஸ்டேஷன் 5க்கு ‘ரீமாஸ்டர்’ செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கணினிக்கும் வந்தது.

ரீமேக் என்றால் விளையாட்டைப் புதிதாகவே கட்டுவார்கள். ரீமாஸ்டரில் கதையும் களமும் மாறுவதில்லை. படத்தின் தெளிவும் வேகமும் கூடும். இதில் 4கே தெளிவைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது நொடிக்கு 60 பிம்பங்கள் ஓடும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான் வேகத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கதையின் நாயகி குளோயி ஃபிரேசர். அவருடைய தந்தை இந்தியர். பிள்ளையாரின் தந்தம் எனப்படும் புதையலைத் தேடி உயிரை விட்டவர். அதே தந்தத்தைத் தேடி, நாடின் ராஸ் என்ற பெண்ணுடன் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நுழைகிறார் குளோயி. காட்டுக்குள் ஹொய்சாள அரசின் இடிபாடுகள், சிவன் சிலைகள், பரசுராமரின் ஆயுதங்கள். பின்னாலேயே துரத்தி வருகிறது அசாவ் என்பவனின் படை.

தாத்தா ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர். திருச்சிக்கு அருகே சமயபுரம் பக்கத்திலிருந்து 1970களில் சிங்கப்பூருக்கு வந்தவர். இரண்டாம் நாள் இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, இது நம்ம பிள்ளையாரா? அவருக்கு ஒரு தந்தம் ஏன் ஒடஞ்சிருக்குன்னு தெரியுமா?”

“தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்க. ஆளுங்க சுடுறாங்க.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து நிழல் புதிர் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். சிலைகளைத் திருப்பி, அவற்றின் நிழல்களைச் சுவரில் ஒன்றுசேர்த்து, ஒரு புராணக் காட்சியை உருவாக்க வேண்டும். எந்தக் காட்சி என்றே எனக்குப் புரியவில்லை. நாற்பது நிமிடம் போராடிவிட்டு யூடியூப்பைத் திறந்தேன். கதை தெரிந்தவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெருமாள் கோவில் வரிசையில்

அது புரட்டாசி மாதம். அடுத்த சனிக்கிழமை சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலுக்குத் தாத்தாவுடன் போனேன். வரிசை நீளமாக இருந்தது. அவராக எதுவும் பேசவில்லை. நானே கேட்டேன்.

“தாத்தா, அந்தத் தந்தம் ஏன் ஒடஞ்சது?”

ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். சிவனைப் பார்க்க வந்த பரசுராமரைப் பிள்ளையார் வாசலில் தடுத்தார். கோபத்தில் பரசுராமர் கோடாலியை வீசினார். அந்தக் கோடாலி சிவனே கொடுத்தது. அப்பாவின் ஆயுதம் வீணாகக் கூடாது என்று பிள்ளையார் அதைத் தந்தத்தில் வாங்கிக்கொண்டார்.

“மகாபாரதம் எழுதுறதுக்காக அவரே ஒடிச்சுக்கிட்டார்னும் சொல்வாங்க. ரெண்டு கதையும் உண்டு,” என்றவர், பத்து அவதாரங்களை விரல்விட்டு எண்ணி, ஆறாவது விரலில் நிறுத்தினார். “பரசுராமர்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. விளையாட்டு முழுவதும் அந்தக் கதையைச் சுற்றித்தான் ஓடுகிறது. அப்பாவை இழந்த மகள், அப்பாவின் ஆயுதத்தை ஏற்றுக்கொண்ட மகனின் தந்தத்தைத் தேடுகிறாள். நான் சுட்டுக்கொண்டே அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

“ஹொய்சாளர்னா யார் தாத்தா?” என்று கேட்டேன். “போசளர்னு சொல்லு, தெரியும். நம்ம ஊர்லயே அவங்க கட்டுன கோவில் இருக்கே!” என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். அவர் சொன்னது சரி. 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னர் வீர சோமேஸ்வரர் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரைத் தலைமையிடமாக வைத்திருந்தார். அங்கே அவர் எழுப்பிய சிவன் கோவில் இன்றும் உள்ளது.

விளையாட்டில் பேலூரும் ஹளேபீடுவும் காட்டில் மறைந்த நகரங்கள். நிஜத்தில் அவை கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் மக்கள் வாழும் ஊர்கள். பேலூர் சென்னகேசவர் கோவில் 1117ல் மன்னர் விஷ்ணுவர்தனரால் எழுப்பப்பட்டது. திரையில் வானுயர்ந்த சிலைகள் நிற்கின்றன. நிஜக் கோவில்களோ அவ்வளவு உயரமில்லாதவை. அவற்றின் பெருமை நட்சத்திர வடிவ மேடையிலும், மாக்கல்லில் செதுக்கிய நுணுக்கத்திலும் இருக்கிறது. 2023ல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் கோவில்கள் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன.

புதையல் யாருக்கு?

சாகச விளையாட்டில் புதையலைக் கண்டால் ஒரு பொத்தானை அழுத்துவோம். அது நம் பைக்குள் போய்விடும். முதல் ஆட்டத்தில் நானும் அப்படித்தான் எடுத்தேன். அந்தப் பொருள் யாருடையது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இந்தக் கேள்வி சிங்கப்பூருக்கும் புதிதல்ல. நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ல் நியூயார்க் கலைப்பொருள் வணிகரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலையை வாங்கியது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் சிலை அது. தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் சிவன் கோவிலிலிருந்து திருடப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. 2015ல் அரும்பொருளகம் அதை இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தது.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். “அரும்பொருளகத்துல இருந்தா நாமளும் பார்க்கலாமே,” என்றேன்.

“நீ பார்ப்ப. அந்த ஊர்க்காரங்க யாரைப் பார்க்குறது?” என்று கேட்டார்.

குளோயியும் கதையில் இதே கேள்வியைச் சந்திக்கிறார். விளையாடாதவர்களுக்காக முடிவைச் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் அந்தக் காட்சியின்போது நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

என் விதிகள்

‘கிரஷிங்’ நிலையில் சில குண்டுகள் பட்டாலே ஆட்டம் போய்விடும். ஓடி ஓடிச் சுடும் என் பழைய வழி அங்கே செல்லாது. ஒளிந்து நின்று, சுற்றிலும் பார்த்து, யோசித்துத்தான் நகர வேண்டும். அவசரக்காரியான எனக்கு அதுதான் தேவை என்று நினைக்கிறேன்.

எனக்கு நானே மூன்று விதிகள் வைத்துள்ளேன். எத்தனை முறை தோற்றாலும் இடையில் நிலையைக் குறைக்கக்கூடாது. கதைக் காட்சி எதையும் தாண்டக்கூடாது. மூன்றாவதுதான் ஆகக் கடினம்: புதிரில் சிக்கினால் யூடியூப் கூடாது, தாத்தாவிடம் மட்டுமே கேட்கலாம். அவருக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அத்தியாயத்தில் 11 ஹொய்சாளச் சின்னங்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். கதைக்கு அது கட்டாயமில்லை என்பதால் முன்பு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இம்முறை பதினொன்றையும் எடுக்க வேண்டும். வேகத்தை விட்டுவிட்டு 4கே தெளிவுக்கும் மாற்றிவிட்டேன். தாத்தாவுக்குச் சிற்பங்கள் நன்றாகத் தெரிய வேண்டுமே!

கல்லூரி மீண்டும் தொடங்கிவிட்டதால் வாரத்திற்கு ஓர் அத்தியாயம், அதுவும் சனிக்கிழமை இரவு மட்டும். மொத்தம் ஒன்பது அத்தியாயங்கள். டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். ஒன்பது வயதில் போனபோது கோவில்களில் சலிப்படைந்து கைப்பேசியில் விளையாடியதுதான் நினைவிருக்கிறது. இம்முறை கண்ணனூர் கோவிலைத் தாத்தாவே சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்ட நண்பனுக்கும் தாமதமாகப் பதில் அனுப்பினேன்: “லைட். மறுபடியும் ஆடப் போறேன்.”

கடந்த சனிக்கிழமை ஒத்திகைக்காக முதல் சண்டையை மட்டும் ‘கிரஷிங்’கில் ஆடிப் பார்த்தேன். பதினான்கு முறை தோற்றேன். எண்ணிக்கொண்டிருந்தவர் தாத்தா.