உங்களுக்குத் தெரியுமா? பழைய சினிமா ஸ்டில்ஸ் யாருக்குச் சொந்தம்?

துபாய் அல் கூஸில் உள்ள அல்சர்கால் அவென்யூவில் கலைக்கூடங்களும், 2018இல் அங்கே வந்த ‘சினிமா அகில்’ திரையரங்கும் இருக்கின்றன. அத்தகைய இடத்தில் பழைய தமிழ்ப் பட ஸ்டில்ஸைக் காட்சிக்கு வைக்க விரும்புவோர் அறிய வேண்டியவை:

● இந்தியாவில் முன்பு, வெளியிடப்பட்ட புகைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுகள். ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948இல் வந்தது. அந்த ஆண்டே அச்சான விளம்பர ஸ்டில்ஸ், 2008 முடிந்ததும் இந்தியாவில் பொதுச்சொத்தாகிவிட்டன.

● 2012 ஜூன் 21 முதல் கணக்கு மாறியது: புகைப்படக்காரரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும். ஏற்கெனவே காலாவதியான உரிமை இதனால் திரும்பவில்லை.

● பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்ன தயாரிப்பாளரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் புதிய கணக்கில் காலம் ஓடுவது கேமரா பிடித்தவரின் ஆயுளை வைத்து.

● அமெரிக்காவில் 1978க்கு முன் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியிட்ட ஸ்டில்ஸ் பெரும்பாலும் பொதுச்சொத்து. இந்தியச் சட்டத்தில் அப்படிப்பட்ட குறிப்பு கட்டாயமில்லை. குறிப்பு இல்லை என்பதால் உரிமை போய்விடாது.

● அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டுகள். துபாயில் கண்காட்சி வைத்தால் இதையும் பார்க்க வேண்டும்.

● பழைய பிரதியை விலைக்கு வாங்கினால் அந்தக் காகிதம் மட்டுமே நமக்குச் சொந்தம். மறுபதிப்பு உரிமை அதோடு வராது.

வீட்டில் பழைய ஸ்டில்ஸ் இருந்தால் படத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர் பெயர் மூன்றையும் இன்றே எழுதி வையுங்கள். பல ஸ்டில்ஸ் கலைஞர்களின் பெயர் தெரியாமலே போய்விட்டது; மிச்சமிருப்பவர்களின் பெயரையாவது காப்பாற்றுவோம்.