ரீசெட் ஓட்டையில் ஊசியை விடும் முன்

வைஃபை வேலை செய்யவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "மோடத்துல ஊசி எதுவும் விடலையே?" என்பதுதான். மோடத்தின் பின்பக்கம் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதற்குள் இருக்கும் பொத்தானைச் சேஃப்டி பின் கொண்டு பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பாஸ்வேர்டு அழிந்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் லைன் கொடுத்த கம்பெனியின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் உள்ளே பதிந்திருந்தால், அவையும் சேர்ந்தே அழிந்துபோகும். அதுவரை பாஸ்வேர்டு மட்டும் தெரியாமல் இருந்த வீட்டில் அதன்பிறகு நெட்டே இருக்காது.

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஃபைபர் லைன் இழுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். பேரப்பிள்ளை முகம் பார்க்க ஒரு டேப் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அந்த டேப்பில் நெட் வரவில்லை என்றால் அந்த வீட்டில் ஒரு நாளே கெட்டுப்போகிறது. அதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு தம்பி" என்று ஆச்சிகள் சொல்லும்போது அது எந்தப் பாஸ்வேர்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். டேப்பைத் திறக்க ஒன்று, வைஃபையில் சேர ஒன்று, மோடத்தின் அமைப்புகளுக்குள் நுழைய ஒன்று, மோடமும் கம்பெனியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்று என நான்கு இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு அன்றாடம் வேண்டியது முதல் இரண்டுதான்.

அதற்கும் முன்னால், பிரச்சினை பாஸ்வேர்டில்தானா என்று பாருங்கள். பல வீடுகளில் அது இல்லவே இல்லை. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கும், அணில் கடித்திருக்கும், பீரோவை நகர்த்தும்போது மடங்கியிருக்கும். டேப்பில் எதைத் தட்டினாலும் அது சரியாகாது. லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கொடுத்த நேரம் என்றால் சில நிமிடங்கள் பொறுங்கள். மோடம் முழுதாக விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

விளக்குகள் சரியாக இருந்தால் வீட்டில் உள்ள ஒரு போனை எடுங்கள். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். அணைக்காவிட்டால் போன் சிம்மிலிருந்து நெட்டை எடுத்துக்கொண்டு வைஃபை நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். போனில் ஓடி டேப்பில் ஓடவில்லை என்றால் குறை டேப்பின் பக்கம்.

டேப் என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். பாஸ்வேர்டு தவறு என்று சொல்கிறதா, இணைந்திருக்கிறது ஆனால் இன்டர்நெட் இல்லை என்று சொல்கிறதா? இரண்டாவது என்றால் பாஸ்வேர்டில் குறை இல்லை. டேப்பையும் மோடத்தையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அலமாரியில் பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப் என்றால் தேதியைப் பாருங்கள். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதி அணைந்திருந்து, டேப் ஏதோ பழைய வருடத்தில் நின்றிருந்தால், பாதுகாப்பு இல்லை என்று சொல்லிப் பக்கங்கள் திறக்க மறுக்கும். தேதியைச் சரிசெய்தாலே போதும்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளுக்கென்று தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. முகப்பில் மோடம் இருக்கும், ஆச்சி இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருப்பார். நடுவில் வளவு என்னும் முற்றம், கனத்த சுண்ணாம்புச் சுவர்கள், தேக்குக் கதவுகள், போதாததற்கு ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அது அலையைத் திருப்பி அடிக்கும். இந்த மோடங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகளில் பேசும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் உள்கட்டில் இருப்பவர் 2.4ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை குறைந்த டேப்கள் சிலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. அந்தப் பெயர் பட்டியலிலேயே வராது. அதைப் பார்த்துவிட்டுத்தான் "டேப் கெட்டுப்போச்சு" என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள், மனது கேட்பதில்லை. கட்டு தாண்டி ஒழுங்காக நெட் வேண்டும் என்றால் ரிப்பீட்டரைவிட, முகப்பிலிருந்து லேன் ஒயர் ஒன்றை இழுத்து உள்ளே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் நிலையான வழி. அந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். எந்தச் செட்டிநாட்டு வீட்டுக்கும் அது போதும்.

சரி, உண்மையிலேயே பாஸ்வேர்டுதான் தெரியவில்லை. அப்போதும் அது காணாமல் போய்விடவில்லை. வீட்டில் ஏற்கெனவே வைஃபையில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் அதை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய போனில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு, ஷேர் கொடுத்தால் கைரேகை கேட்கும். பிறகு ஒரு கியூஆர் கட்டம் வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் இருக்கும். புது டேப் என்றால் வைஃபை பட்டியலில் இருக்கும் ஸ்கேன் படத்தைத் தொட்டு அந்தக் கட்டத்தைக் காட்டினால் தட்டச்சே தேவையில்லை. ஐபேடு, ஐபோன்களில் 2022இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து, வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐ குறியைத் தொட்டால் பாஸ்வேர்டைக் காட்டும். எதுவும் இல்லாவிட்டால் மோடத்தைத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். யாரும் மாற்றவில்லை என்றால் அதுதான் பாஸ்வேர்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. டேப்பில் 'ஃபர்கெட்' என்றொரு பொத்தான் இருக்கும். சேமித்து வைத்த பாஸ்வேர்டை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேரச் சொல்வது அது. சரியான மருந்துதான், ஆனால் பாஸ்வேர்டு கைக்கு வந்த பிறகு மட்டும். அதற்கு முன் தொட்டால், வீட்டில் மிச்சம் இருந்த ஒரே பிரதியையும் அழித்தவர் ஆவீர்கள்.

பாஸ்வேர்டு தெரியும், ஆனால் ஏற்க மறுக்கிறது என்பார்கள். இதில் எங்கள் ஊர்ப் பெயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டு வைஃபை பாஸ்வேர்டாக அழகம்மை, தெய்வானை என்று ஏதாவது ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பார்கள். 'ழ'வுக்கு இசட்-எச் போட்டாரா, வெறும் எல் போட்டாரா? 'தெ'வுக்கு டி-எச்சா, டி மட்டுமா? வைத்த மகன் விமானம் ஏறிப் போயிருப்பார். எல்லாக் கோணத்திலும் எழுதிப் பார்ப்பதற்குப் பதில் அவருக்கு ஒரு வார்த்தை போட்டு, எழுத்தெழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். முதல் எழுத்து பெரியதா சின்னதா என்றும் கேளுங்கள், வைஃபைக்கு அவை இரண்டும் வேறு. வாட்ஸப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரலாம், வந்தால் அதை நீக்குங்கள். தட்டும்போது கண் படத்தைத் தொட்டுவைத்தால் எழுதுவது தெரியும். இன்னொன்று, வைஃபை பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையாது. உங்கள் நினைவில் இருப்பது ஆறு எழுத்து என்றால் அது வேறு எதனுடையதோ.

மோடத்தை மாற்றும்போதும் சிக்கல் வரும். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 என்ற பாதுகாப்பை மட்டும் போட்டிருந்தால் பழைய டேப்புக்கு அது புரியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சேராது. 2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். புது மோடத்துக்கும் பழைய பெயரையே, பழைய பாஸ்வேர்டையே ஒரு எழுத்து மாறாமல் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

டேப்பைத் திறக்கும் பூட்டு மறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிது, ஆனால் கண்டிப்பானது. டேப்பை மொத்தமாக அழித்துப் புதிதாக்கினால் திறந்துவிடும் என்று கடைக்கு ஓடாதீர்கள். 2015க்குப் பிந்தைய ஆண்ட்ராய்டு, பூட்டைத் தாண்டி அப்படி அழித்தால் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். ஐபேடு ஆப்பிள் கணக்கைக் கேட்கும். மகன் பெயரில் கணக்கு இருந்தால் ஓடிபி அவர் சிங்கப்பூர் நம்பருக்குப் போகும். அவர் விழித்திருக்கும் நேரம் பார்த்து, அவரை லைனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். யூகித்து யூகித்துத் தட்டவும் வேண்டாம். பத்து முறை தவறினால் ஐபேடு முழுதாகப் பூட்டிக்கொள்ளும்.

பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று நிறையப் பேர் பயமுறுத்தியிருக்கிறார்கள். கணினிப் பாதுகாப்பில் உலகம் மதிக்கும் புரூஸ் ஷ்னையர், தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005இலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமும் 2017இல், குறியீடுகளைக் கலந்து எழுது என்று மக்களை வற்புறுத்துவதை விட்டுவிட்டு நீளத்துக்கு முதலிடம் தரச் சொன்னது. வீட்டுக்குள் இருக்கும் நோட்டை வீட்டுக்கு வெளியே இருக்கும் திருடன் படிக்க முடியாது. பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, கம்பெனி தந்த யூசர் ஐடி, லைன்மேன் நம்பர். பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், ஓ எழுத்தோடு குழம்பாது.

எங்கள் தொழிலில் சிலர் டேப்பைக் கையில் வாங்கி, தாங்களே பாஸ்வேர்டு போட்டு, "வேலை செய்யுதும்மா" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. அதை நான் ஏற்கமாட்டேன். மாதாமாதம் பணம் கட்டுவது அவர்கள். எனவே லைன்மேன் கிளம்பும் முன் நோட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு டேப்பில் ஃபர்கெட் கொடுத்து, எழுதியதைப் பார்த்து நீங்களே ஒருமுறை தட்டிச் சேருங்கள். சேரவில்லை என்றால் எழுதியதில் தவறு இருக்கிறது. அவர் இன்னும் வாசலில் செருப்புதான் மாட்டிக்கொண்டிருப்பார், கூப்பிடுங்கள்.