முடி முறிந்த பிறகு தேடுகிற பில்

கல்யாண சீசன் முடிந்த கையோடு, நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் சில பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் பிறவியிலேயே சுருட்டை முடி உள்ளவர்கள். கெராட்டின், ஸ்மூத்தனிங், ஹேர் போட்டாக்ஸ் என்று ஏதோ ஒரு பெயரில் பார்லரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து முடியை நேராக்கியிருப்பார்கள். இப்போது சீப்பை வைத்தால் முடி பாதியில் முறிந்து கையோடு வருகிறது. சிலருக்கு உச்சந்தலையில் புண். நான் கேட்கும் முதல் கேள்வி, "பில் இருக்காம்மா?" பதில் அநேகமாக ஒன்றுதான்: "தெரிஞ்ச அக்கா சார், எப்படி பில் கேக்குறது?"

கேட்கத்தான் வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக்கு பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பார்லர் அக்காவுக்கு முகம் கோணுமே என்று நீங்கள் தயங்குகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் வழக்கு பாதி தோற்கிறது.

முதலில் முடியைப் பற்றி ஒரு வார்த்தை. மயிர்க்கால் வளைந்திருப்பதால் முடி சுருள்கிறது. அது நோயும் அல்ல, பராமரிப்புக் குறையும் அல்ல. எந்த மருந்து போட்டாலும் வேரிலிருந்து மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் சுருட்டையாகவே வளரும். தலையில் சுரக்கும் எண்ணெய் சுருள்களில் இறங்கி நுனி வரை போவதில்லை. அதனால்தான் வறட்சி, அதனால்தான் சிக்கு. காய்ந்த முடியைச் சீவாதீர்கள். கண்டிஷனர் போட்டு ஈரமாக இருக்கும்போதே பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். டர்க்கி டவலால் தேய்க்காமல் ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். பலருக்கு இவ்வளவே போதும். "பரட்டை" என்று பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்ணிடம் இதை யாரும் சொல்வதில்லை. பார்லர் விளம்பரம்தான் அவளிடம் பேசுகிறது.

இனி ஆபத்து. நேராக்கும் க்ரீம்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடான அயர்ன் பட்டதும் அதை வெளிவிடும் பொருள் இருக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். மெத்திலீன் கிளைக்கால், கிளையாக்சிலிக் அமிலம் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். கிளையாக்சிலிக் அமிலம் சிறுநீரகத்தையும் தாக்கலாம். ஒரே சலூனில் 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிய 26 வயதுப் பெண்ணுக்கு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். இஸ்ரேலில் இதேபோல் 26 பேர். அவர்களில் மூவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நேராக்கிய சில மணி நேரத்திலோ அடுத்த சில நாட்களிலோ வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைவு என்று வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மருத்துவரிடம் போய், முடிக்கு மருந்து போட்டதை நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அந்த நாற்காலியில் உட்காரவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் போவேன் என்பவர்கள், தலையில் தடவும் முன் புட்டியைக் கையில் வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண். லேபிளே இல்லாத டப்பாவில் கலக்கிக் கொண்டுவந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். உங்கள் முடியையும் முன்பே படம் எடுங்கள். பில்லில் சிகிச்சையின் பெயரும் க்ரீமின் பெயரும் இருக்கட்டும். ஜிபே ரசீது மட்டும் போதாது; அது பணம் போனதைக் காட்டும், எதற்குப் போனது என்று காட்டாது.

பாதிப்பு வந்தால் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டும் ஆவணம்தான். பிறகு பார்லருக்கு, நடந்ததையும் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வாட்ஸப்பில் திட்டித் தீர்ப்பது கடிதம் ஆகாது.

பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பார்லர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. மனு, பிரமாணப் பத்திரம், பில், படங்கள், மருத்துவச் சீட்டு, கடிதத்தின் நகல், அஞ்சல் ஒப்புகை. எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். பார்லரோடு க்ரீம் தயாரிப்பாளரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்ததை வழக்குப் போட்டதாக நினைக்காதீர்கள். அங்கே சமரசம் பேசுவார்கள், தீர்ப்பு கிடையாது. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்கு வர வேண்டும்.

எவ்வளவு கேட்பது? ஆதாரம் தாங்குகிற அளவு. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில் 2018இல் தவறாக முடி வெட்டியதற்கு, தேசிய ஆணையம் 2021இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. கை நஷ்டத்தைக் காகிதத்தில் காட்டுங்கள்.

லேபிள் இல்லாத சரக்கைப் பற்றிய புகார் வேறு இடத்துக்குப் போக வேண்டும்: உங்கள் மண்டல மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர், அல்லது சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள இயக்குநரகம். அழகுசாதனப் பொருளும் அவர்கள் அதிகாரத்தில்தான் வருகிறது. "சலூன் எங்க வேலை இல்லை" என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள். புகார் சலூன் மேல் அல்ல, புட்டி மேல் என்று சொல்லுங்கள். மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். நகலில் தேதி, முத்திரை, கையெழுத்து. அதைப் போட்டுத்தர மனமில்லாத மேசைகள் உண்டு. போடும் வரை அங்கேயே நில்லுங்கள்.

முறிந்த முடியைப் பார்க்கச் சகிக்காமல் உடனே கத்தரித்துவிட்டு வருகிறார்கள். வெட்டுங்கள், வெட்டத்தான் வேண்டும். ஆனால் மருத்துவர் பார்த்து சீட்டில் எழுதிய பிறகு, தேதி தெரிகிறபடி படம் எடுத்த பிறகு. உதிர்ந்ததில் ஒரு பிடியைக் காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, அந்த பில்லோடு சேர்த்து வையுங்கள்.