அச்சம் என்னும் மெய்ப்பாடு
(மறக்கப்பட்ட நான்கு திகிற் படங்கள்)

திகிற் படம் என்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பர். கோரைப் பல்லும் குருதியும் கூக்குரலும் கலந்து, பாமரரை ஏய்த்துக் காசு பறிக்கும் வாணிகமென்றே அதனைக் கருதுவர். அக்கருத்துக்குச் சான்றாகத் தக்க படங்கள் எண்ணிறந்தன என்பதும் உண்மையே. ஆயினும், அச்சத்தை இழிந்த உணர்ச்சியென ஒதுக்குவது நமது இலக்கிய மரபன்று. எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், நகைக்கும் அழுகைக்கும் பெருமிதத்துக்கும் அளித்த இடத்தையே அச்சத்துக்கும் அளித்தார். வருத்தும் அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், இறைவன் என அது பிறக்கும் களங்கள் நான்கினையும் எடுத்துரைத்தார். பேயையும் புலியையும் அஞ்சுவது போலவே மனிதன் சக மனிதனையும், தன்னை ஆள்பவனையும் அஞ்சுகின்றான் என்பதைக் கண்டறிந்த பேரறிவு அது.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, டிராக்குலா, பிராங்கென்ஸ்டைன் முதலிய பெரும் பெயர்களின் ஆரவாரத்தில் அமுங்கிப்போன நான்கு படங்களை நோக்குவோம்.

முதலாவது, டென்மார்க் நாட்டுக் கலைஞர் கார்ல் தியடோர் டிரயர் ஆக்கிய ‘வாம்பிர்’ (1932). அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ பானுவின் கதைத் தொகுதியொன்றைத் தழுவியது. படத்துக்குப் பணம் கொடுத்த பிரபுவே வேறொரு பெயரிற் கதாநாயகனாகவும் தோன்றினார். கதையோ மிகச் சிறிது: ஒரு வாலிபன் ஒரு கிராமத்து விடுதியை அடைகின்றான், அவ்வூரை இரத்தம் உறிஞ்சும் கிழவியொருத்தி ஆட்டிப்படைக்கின்றாள். ஆனால் படத்தின் வலிமை கதையில் இல்லை. கமராவின் முன் மெல்லிய வலைத்துணியைப் பிடித்துப் படமாக்கியமையால், காட்சிகள் யாவும் விடியற்புகையில் மிதப்பன போலத் தோன்றுகின்றன. ஒற்றைக்கால் வீரனொருவனின் நிழல் தனியே நடந்து வந்து உடலோடு சேர்கின்றது. கதாநாயகன் கனவிலே தன் பிரேதத்தைத் தானே காண்கின்றான். பின்னர் பெட்டியின் கண்ணாடி வழியே, பிணத்தின் கண்கொண்டு, நாமும் வானத்தையும் மரக்கிளைகளையும் பார்த்தபடி சுமந்து செல்லப்படுகின்றோம். அக்காலத்துச் சபையோர் இதனை வரவேற்கவில்லை. டிரயரின் அடுத்த முழுநீளப் படம் 1943இலேயே வெளிவந்தது.

அதே 1943இல் ஹொலிவூட்டில் வெளிவந்தது ‘ஏழாவது பலி’. ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் மலிவான திகிற் படங்களைச் செய்யும் பொறுப்பை ஒப்படைத்திருந்தது. தலைப்பை நிறுவனம் தரும். செலவு சுமார் 150,000 டொலரைத் தாண்டலாகாது. படம் 75 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இக்கட்டுக்குள் நின்றே லூட்டன் 1942 முதல் 1946 வரை ஒன்பது திகிற் படங்களைத் தந்தார். பூதத்தைக் காட்டப் பணமில்லாத இடத்தில் இருளையும் காலடியோசையையும் வைத்தார். வறுமையே அங்கு உத்தியாயிற்று.

‘ஏழாவது பலி’ மார்க் றொப்சன் நெறிப்படுத்திய முதற் படம். காணாமற்போன தமக்கையைத் தேடிப் பள்ளி மாணவியொருத்தி நியூயோர்க் நகருக்கு வருகின்றாள். தமக்கை வாடகைக்கு எடுத்த அறையில் ஒரு நாற்காலியும், அதன் மேலே தொங்கும் ஒரு சுருக்குக் கயிறுமன்றி வேறொன்றுமில்லை. அவளைப் பின்தொடர்வோர் சாத்தானை வழிபடும் ஒரு கூட்டத்தார். அவர்களுக்குக் கொம்புமில்லை, கோர உருவுமில்லை. நன்கு உடுத்திய, தேநீர் அருந்தும் கண்ணியவான்கள். வன்முறை தமக்கு ஆகாதென்று கூறிக்கொண்டே, நஞ்சுக் கிண்ணத்தை அவள் முன் வைத்து, அவளே எடுத்துக் குடிக்குமாறு மணிக்கணக்கில் வற்புறுத்துகின்றனர். கையில் இரத்தம் படாமற் கொல்லும் நாகரிகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் அரிது. முடிவை இங்கு கூறல் முறையன்று. 71 நிமிடப் படத்தின் கடைசிக் கணத்திற் கேட்கும் ஓர் ஓசை, எந்தப் பேயின் அலறலைக் காட்டிலும் நெஞ்சை உறையச் செய்யும் என்று மட்டும் சொல்லலாம்.

மூன்றாவது ‘ஆன்மாக்களின் களியாட்டம்’ (1962). அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், பாடசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்குமான குறும்படங்களை எடுத்து வந்த ஹேர்க் ஹார்வி, சுமார் 33,000 டொலர் செலவில் ஆக்கிய ஒரே கதைப்படம் இது. யூட்டா மாநிலத்து உப்பேரிக் கரையிற் பாழடைந்து கிடந்த களியாட்ட மண்டபமொன்றைக் கண்டதே இதற்கு வித்தாயிற்று. ஆற்றிற் கவிழ்ந்த காரிலிருந்து தப்பிக் கரையேறும் ஒரு பெண், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் வேலையேற்று வேற்றூர் செல்கின்றாள். வெளிறிய முகமொன்று அவளைத் தொடர்கின்றது. அம்முகத்துக்கு உரியவராக நடித்தவர் ஹார்வியே. ஆனால் உண்மையான திகில் வேறு. சில வேளைகளில் உலகின் ஓசையெல்லாம் அற்றுப்போகின்றது. கடைத்தெருவில் அவள் பேசுவது எவர் காதிலும் விழுவதில்லை. எவர் கண்ணுக்கும் அவள் தெரிவதில்லை. தொல்காப்பியரின் நான்கு களங்களுள் எதிலும் இது அடங்காது. கூட்டத்தின் நடுவே தனித்துவிடப்படும் அச்சம் இது. நகர வாழ்வு ஈன்ற ஐந்தாவது அச்சம் எனலாம். வெளிவந்தபோது கவனிப்பாரற்றுக் கிடந்த இப்படம், 1989இல் மீண்டும் திரையிடப்பட்டபோதுதான் உரிய மதிப்பைப் பெற்றது.

இந்நான்கினுள்ளும் தலையாயது யப்பானியக் கலைஞர் கனெட்டோ ஷிண்டோ ஆக்கிய ‘ஓனிபாபா’ (1964). பேய்க்கிழவி என்பது பொருள். 14ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். ஆண்களைப் போர் வாரிச் சென்றுவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த நாணற் காட்டில் ஒரு கிழவியும் அவள் மருமகளும் வாழ்கின்றனர். வழிதவறி வரும் வீரரைக் கொன்று, உடலை ஆழ்குழியில் எறிந்து, கவசத்தையும் வாளையும் விற்றுத் தானியம் பெறுகின்றனர். மகன் மாண்ட செய்தியுடன் அயலான் ஒருவன் திரும்பி வருகின்றான். மருமகள் இரவில் அவனை நாடி ஓடத் தொடங்குகின்றாள். அவள் போய்விட்டால், தனித்துக் கொல்லவும் இயலாத கிழவிக்குப் பட்டினியே கதி. எனவே, குழியிற் கிடந்த பிரபுவின் முகத்திலிருந்து பிடுங்கிய பேய்முகமூடியை அணிந்து, நாணலிடையே நின்று மருமகளை மிரட்டுகின்றாள். ஒரு மழையிரவில் அம்முகமூடி அவள் முகத்தோடு ஒட்டிக்கொள்கின்றது.

முகத்தோடு ஒட்டிய முகமூடி பழைய பௌத்தக் கதையொன்றிலிருந்து வந்தது. ஆனால் ஷிண்டோ ஹிரோஷிமாப் பகுதியிற் பிறந்தவர். ‘ஹிரோஷிமாவின் குழந்தைகள்’ (1952) என்னும் படத்தை முன்னரே ஆக்கியவர். முகமூடியின் கீழே வெளிப்படும் முகத்தின் ஒப்பனைக்கு, அணுகுண்டினாற் சிதைந்தோரின் புகைப்படங்களையே ஆதாரமாகக் கொண்டார். கள்வரின் அச்சமும், ஆள்வோரின் போர் விளைக்கும் அச்சமும், பேயச்சமும் அவ்வொரு முகத்தில் ஒன்றாகின்றன. பசிக்கும் பேய்க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று படம் நம்மைக் கேட்கின்றது.

நான்கினும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. இவை பேயைக் காட்டி அஞ்சுவிப்பதை நம்பி நிற்கவில்லை. காட்டாத இடத்தை நமது மனம் நிரப்புமென்று நம்பின. அந்நம்பிக்கையே அவற்றின் காலத்திற் பலருக்குக் குறையாகத் தோன்றிற்று. ஆரவாரத்தை எதிர்பார்த்து வந்தவன் மௌனத்தைக் கண்டு ஏமாந்தான்; கலையை நாடுபவனோ ‘திகிற் படம்’ என்னும் பெயரைக் கண்டே வாசலில் நின்றுவிட்டான். இரு சாராராலும் கைவிடப்பட்ட படங்கள் இவை.

இன்று இந்நான்கும் வட்டுகளிற் கிடைக்கின்றன. புதிதாகப் புகுவோர் ‘ஏழாவது பலி’யிலிருந்து தொடங்கலாம், திகிற் படங்களிற் பழகியோர் ‘வாம்பிர்’ படத்தைப் பொறுமையோடு நாடலாம். ‘ஓனிபாபா’ முதிர்ந்தோருக்கு மட்டுமே உரியது. எதனைப் பார்ப்பினும் விளக்கை அணைத்து, இடையிற் பேச்சின்றிப் பாருங்கள். முடிந்தபின் எஞ்சும் அச்சம் பேயைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா என்று உங்களையே வினவிப் பாருங்கள்.