ஆன் ரணசிங்கவும் நாடற்றோர் பற்றிய வினாவும்

ஈழத்தின் ஆங்கிலக் கவிதை பற்றிப் பேசுவோர் ஆன் ரணசிங்கவை (1925–2016) நாஸிக் கொடுமையிலிருந்து தப்பிய கவிஞர் என ஒரே வரியில் அறிமுகஞ் செய்து அப்பாற் செல்வர். எவ்வாறு தப்பினார், பெற்றோர் ஏன் தப்பவில்லை என்னும் வினாக்கள் அவ்வரியுள் மறைந்துவிடுகின்றன. தப்புதலைத் தனிமனித நல்லூழாகக் காண்பது கருத்துமுதல்வாத நோக்காகும்; அதனை நிர்ணயித்தவை சட்டங்களும் அனுமதிப் பத்திரங்களுமே.

ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் அன்னலீஸ கட்ஸ் என்னும் பெயருடன் பிறந்தவர் அவர். 1935ஆம் ஆண்டின் நூரெம்பேர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமைகளைப் பறித்தபோது அவருக்கு வயது பத்துக்கூட நிரம்பவில்லை. 1938 ஒக்டோபரில் யூதரின் கடவுச்சீட்டுகளில் ஓர் எழுத்து முத்திரையிடப்பட்டது. மறுமாதம் எஸ்ஸன் யூத ஆலயம் தீயிடப்பட்டது. 1939 ஜனவரியில், பதின்மூன்று வயதில், அவர் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

அக்காலத்தில் ஏறத்தாழ 10,000 சிறுவரைப் பிரித்தானியா ஏற்றுக்கொண்டது. சிறுவர் தொழிற்சந்தையிற் போட்டியிடார். பெற்றோருக்கு அவ்வாயில் திறக்கப்படவில்லை. வளர்ந்தோருட் பலர் வீட்டுப் பணியாளராக வர இசைந்தே அனுமதி பெற்றனர். பிரித்தானிய மனிதாபிமானத்தைப் போற்றுவோர் இவ்வரையறையைக் குறிப்பிடுவது அரிது. கட்ஸ் தம்பதியர் 1941இல் லொட்ஸ் சேரிக்கு நாடுகடத்தப்பட்டு, 1944இல் செல்ம்னோவில் கொல்லப்பட்டனர். 1941 நவம்பர் 25ஆந் திகதி ஆணை வெளிநாட்டில் வாழ்ந்த யூதரின் குடியுரிமையையும் உடைமையையும் பறித்தது. பதினாறு வயது அன்னலீஸ நாடற்றவரானார்.

தாதியாகப் பயின்ற அவர், இலங்கை மருத்துவர் ஒருவரை 1949இல் மணந்து, 1952இற் கொழும்புக்கு வந்தார். அதற்கு நான்காண்டுகட்கு முன்னரே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை நாடற்றோராக்கியிருந்தது. நாடிழந்த ஒருத்தி, நாடற்றோரைப் புதிதாக உருவாக்கிய நாட்டிலே புகலடைந்தாள். இம்முரண் விமர்சகரின் கவனத்தைப் போதியளவு ஈர்க்கவில்லை என்பது எமது கருத்து.

‘கொழும்பிலிருந்து அவுஷ்விட்ஸ்’ என்னுங் கவிதையில் இந்நகரின் வெண்மையான பங்குனி வெயிலும் அந்நிலத்தின் சாவும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் ஒரே பிரக்ஞையுள் வாழ்வதே அதன் வலிமை. ‘1983 ஜூலை’ வேறுபட்டது. கொன்றோரையும் பார்த்து நின்றோரையும் பற்றி முன்னர் வியந்திருந்த ஒருவர், அக்கொடுமை தம் கண்முன் மீள நிகழக் காண்கின்றார். இது நினைவுகூரல் அன்று, சாட்சியம்.

எனினும் அச்சாட்சியத்துக்கு ஒரு வர்க்க எல்லை உண்டு. பார்த்து நின்றோரின் மனச்சான்றை வினவும் கவிதை, அவர்களுக்கு முன்னே சென்ற கும்பலின் கையில் வாக்காளர் இடாப்பு எவ்வாறு வந்தது என்று வினவுவதில்லை. அறுபது இலட்சம் யூதரைத் தொழிற்சாலை முறையில் அழித்தமையையும் 1983ஐயும் சமப்படுத்தல் வரலாற்றுத் தவறாகும். ஒப்புமை அளவில் அன்று. அரசின் ஆவணம் கொலைக்கருவியாகும் முறையிலேயே உளது.

இக்கட்டுரை எழுதப்படும் நாவுலவுக்குத் தெற்கே, மாத்தளை நகரில், தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் அந்த ஜூலையில் எரிந்தன. அதற்கு ஆறாண்டுகட்கு முன், 1977 கலவரத்திலே தாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருட் பலரின் பெயர் எந்த வாக்காளர் இடாப்பிலும் இருக்கவில்லை. அவர்களைத் தேடி வந்தோருக்கு லயன் வரிசையே முகவரியாயிற்று.